வெங்காய வரி யாருக்குப் போகிறது? இறக்குமதித் தீர்வை பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிற்கின்றன. காலையில் திருநெல்வேலிச் சந்தையில் சின்ன வெங்காயம் விற்றுவிட்டு, திரும்பும் வழியில் சீனி, பருப்பு, நெத்தலிக் கருவாடு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். அதனால் "இறக்குமதி வரி நல்லதா, கெட்டதா?" என்ற கேள்விக்கு இங்கே ஒரே பதில் கிடையாது. எந்தப் பண்டத்துக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"விசேட வியாபாரப் பண்ட அறவீடு" என்பது சுங்க வரியா, வேறு வரியா?

வேறு. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சர் வர்த்தமானி மூலம் விதிக்கிற அறவீடு அது. சாதாரணப் பொருளுக்குச் சுங்கத் தீர்வை, வற் எனப்படும் பெறுமதி சேர் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, செஸ் என்று பல வரிகள் அடுக்கடுக்காக வரும். இந்த அறவீட்டுப் பட்டியலில் உள்ள பண்டத்துக்கு அவை எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே தொகை, பெரும்பாலும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அறவிடப்படும். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், சீனி, பருப்பு, கருவாடு, நெத்தலி, ரின் மீன் என்று எங்கள் அடுப்படியோடு சம்பந்தப்பட்ட பல பண்டங்கள் பல காலமாக இந்தப் பட்டியலில் வந்துபோயிருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேகம். வர்த்தமானி இரவில் வந்தால் நள்ளிரவு கடந்ததுமே புதுத் தொகை நடைமுறைக்கு வந்துவிடலாம். துறைமுகத்தில் நிற்கிற கொள்கலனை முதல் நாள் விடுவித்தவரும் அடுத்த நாள் விடுவித்தவரும் ஒரே வெங்காயத்துக்கு வெவ்வேறு வரி கட்டியிருப்பார்கள்.

கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பதும் இத்தனை சதவீதம் என்பதும் கடைசியில் ஒன்றுதானே?

இல்லை. பெரிய வெங்காயத்துக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் அறவீடு என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் அறுவடை பெருகி, கொழும்புத் துறைமுகத்தில் கிலோ 60 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. அப்போது அந்த 50 ரூபாய் 83 சதவீத வரி. அங்கே விளைச்சல் கெட்டு 200 ரூபாய்க்கு வந்தால் அதே 50 ரூபாய் வெறும் 25 சதவீதம்.

ஆகவே உலக விலை விழும்போது ரூபாய்க் கணக்கு அறவீடு கமக்காரருக்கு நல்ல வேலி. விலை ஏறும்போது அந்த வேலி தானாகவே பதிந்துவிடும், வாங்குகிறவருக்குச் சுமையும் விகிதப்படி குறையும். சதவீத வரி இதற்கு நேர் எதிர். உலக விலை ஏறினால் வரித் தொகையும் கூட ஏறும். கெட்டுப்போகிற விளைபொருளுக்கு ரூபாய்க் கணக்கே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஆனால் பணவீக்கம் அந்தத் தொகையைக் காலப்போக்கில் தின்றுவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. ஐந்து வருடத்துக்கு முன் விதித்த 40 ரூபாய்க்கு இன்று அந்தப் பெறுமதி இல்லை.

வரி 50 ரூபாய் கூடினால் கடையில் விலை ஏன் 70 ரூபாய் அளவில் கூடுகிறது? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

எப்போதும் ஏமாற்று இல்லை. கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பாருங்கள்.

இறக்குமதியாளர் 50 ரூபாயைத் துறைமுகத்தில், முழு எடைக்கும் கட்டுகிறார். பிறகு மூட்டையை அவிழ்க்கும்போது அழுகல், முளைவிட்டது, காய்ந்து எடை குறைந்தது என்று 100 கிலோவில் 8 கிலோ போனதாக வைத்தால் விற்கக்கூடியது 92 கிலோ. அந்த 8 கிலோவுக்குக் கட்டிய வரியும் மற்றதின் மேல்தான் ஏறும். 50ஐ 0.92ஆல் பிரித்தால் 54 ரூபாய் 35 சதம். மொத்த வியாபாரி தன் முதலில் 10 சதவீதம் லாபம் வைத்தால் 59 ரூபாய் 78 சதம். சில்லறைக் கடை 15 சதவீதம் வைத்தால் 68 ரூபாய் 75 சதம்.

வரியும் முதலின் ஒரு பகுதிதான், அதற்கும் வட்டி உண்டு, லாபம் உண்டு. வரி குறையும்போதும் இந்தக் கணக்கு அப்படியே திரும்ப ஓட வேண்டும். ஓடுவதில்லை என்பதுதான் மக்களின் மனக்குறை. அதில் நியாயமும் இருக்கிறது.

வரியைக் குறைத்தாலும் விலை ஏன் இறங்குவதில்லை?

நாடே பார்த்த உதாரணம் சீனி. 2020 ஒக்டோபரில் சீனிக்கான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்குக் குறைக்கப்பட்டது. கிலோவுக்கு 49 ரூபாய் 75 சதத்தை அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. ஆனால் கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. பின்னர் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு முதற்கொண்டு பலரும் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 2023 நவம்பரில் அறவீடு மறுபடியும் 50 ரூபாய் ஆனது. அப்போது மட்டும் விலை உடனே ஏறியது.

வரிக்குறைப்பு கீழே இறங்கிவர மூன்று விஷயம் வேண்டும். முதலாவது, இறக்குமதியாளர்கள் பலர் இருந்து ஒருவரோடு ஒருவர் போட்டி போட வேண்டும். சீனி போன்ற பண்டத்தைக் கப்பற்கணக்கில் எடுப்பவர்கள் சிலரே. இரண்டாவது, பொருள் தட்டுப்பாடு இல்லாமல் வர வேண்டும். இறக்குமதி உரிமம், டொலர் தட்டுப்பாடு என்று வேறு தடை இருந்தால் வரி குறைந்தும் பயன் இல்லை, உள்ளே இருக்கிற சரக்குக்கே மவுசு. மூன்றாவது, குறைப்பு நிலைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். நாளைக்குத் திரும்ப ஏறும் என்று நினைக்கிறவர் இன்று விலை இறக்கி விற்கமாட்டார், பதுக்குவார்.

பழைய கையிருப்பைப் பற்றிய வாதமும் இரு பக்கம் ஓடும். வரி ஏறும் நாளில் குறைந்த வரியில் வந்த சரக்கு புது விலைக்குப் போகும். வரி இறங்கும் நாளில் "பழைய வரியில் எடுத்தது" என்று சொல்லிப் பழைய விலைக்கே போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் இழப்பு வாங்குகிறவருக்கு.

சரி, வரி ஏறினால் எங்கள் கமக்காரருக்கு அந்தக் காசு கிடைக்குமா?

வரிப் பணம் ஒரு சதமும் நேராகக் கிடைக்காது. அது அரசாங்கத்தின் திரட்டு நிதியத்துக்குப் போகிறது. கமக்காரருக்குக் கிடைக்கக்கூடியது, இறக்குமதிச் சரக்கின் விலை ஏறுவதால் தன் சரக்குக்கும் கொஞ்சம் கூட விலை கேட்க முடிகிற இடம் மட்டும்தான். அதுவும் அந்த நேரத்தில் கையில் சரக்கு இருந்தால்.

யாழ்ப்பாணத்தின் உண்மையான பிரச்சினை இங்கேதான். பெரிய வெங்காயத்தின் முக்கிய அறுவடை மாத்தளை, தம்புள்ளைப் பக்கத்தில் ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை. எங்கள் உருளைக்கிழங்கு கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுவது. தெற்கின் அறுவடையைப் பார்த்து ஆகஸ்டில் உயர்த்துகிற அறவீட்டால் இங்கே பெரிய பயன் இல்லை. இங்கே கிழங்கு கிண்டுகிற வாரத்தில் வெளிநாட்டுக் கிழங்கு மலிவாக வந்து குவிந்திருந்தால், பங்குனி கடைசியில் வருகிற வரி உயர்வு யாருக்குப் பாதுகாப்பு? தோட்டத்தில் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருப்பவருக்கு.

வரி வந்து சேருகிற தினம் அதன் தொகையைவிட முக்கியம். ஐம்பது ரூபாய் அறவீடு அறுவடைக்கு மூன்று கிழமை முன்பு வந்தால் கமக்காரருக்கு உதவும். நூறு ரூபாய் அறவீடு அறுவடைக்கு மூன்று கிழமை பின்பு வந்தால் அவருக்கு உதவாது. அவர் வீட்டில் வாங்குகிற கிழங்கின் விலையைத்தான் ஏற்றும்.

ஏன் மூன்று கிழமை? புதுத் தொகை வந்தாலும், பழைய தொகையில் விடுவித்த சரக்கு புறக்கோட்டை, தம்புள்ளை மொத்தச் சந்தைகளில் விற்று முடியும்வரை விலை அசையாது. வெங்காயமும் கிழங்கும் நெடுநாள் தாங்காதவை, ஆகவே இரண்டு மூன்று கிழமையில் பழைய சரக்கு கரையும். சீனி, பருப்பு என்றால் மாதக்கணக்கு எடுக்கும்.

பெரிய வெங்காய இறக்குமதிக்கும் எங்கள் சின்ன வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

அடுப்படிதான் சம்பந்தம். சம்பலுக்கும் தாளிதத்துக்கும் சின்ன வெங்காயம் வேண்டும் என்று நிற்கிற வீடுகள் இங்கே நிறைய. ஆனால் கறிக்கு வெட்டுகிறபோது, சின்னது பெரியதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை என்றால் கை பெரியதுக்குத்தான் போகும். சாப்பாட்டுக் கடைகள் இன்னும் வேகமாக மாறும், உரிக்கிற கூலியும் மிச்சம் என்பதால். அதனால் சின்ன வெங்காயத்துக்கு மட்டும் அறவீடு போட்டுப் பெரியதை விட்டுவிட்டால் பாதி வேலிதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இந்தியா தன் பக்கத்தில் வரி போட்டால் எங்களுக்கு என்ன?

2023, 2024இல் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். 2023 ஆகஸ்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதித்தது. ஒக்டோபர் கடைசியில் தொன்னுக்கு 800 டொலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தது. டிசம்பர் 8ஆம் திகதி ஏற்றுமதியையே நிறுத்தியது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன்னுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மே மாதத்தில் தடையை நீக்கியது. அப்போதும் 40 சதவீத வரி இருந்தது. செப்ரெம்பரில் அது 20 ஆகி, 2025 ஏப்ரல் 1இலிருந்து இல்லாமல் போனது.

அங்கே இது உள்ளூர் விலையை அடக்கி, நகரத்து நுகர்வோருக்குச் சாதகமாக எடுத்த முடிவு. நட்டம் அங்கே வெங்காயம் விளைவிக்கிற நாசிக் விவசாயிக்கு. இங்கே அதே முடிவு கடைவிலையை ஏற்றியது. கையில் வெங்காயம் வைத்திருந்த எங்கள் கமக்காரருக்குக் கேட்காமலே நல்ல விலை கிடைத்தது.

ஆபத்து அடுத்த போகத்தில் இருக்கிறது. உச்ச விலையைப் பார்த்து எல்லாரும் வெங்காயம் நடுவார்கள். விதை வெங்காயம் அந்தர் ஒன்று (ஏறக்குறைய 50 கிலோ) எட்டாத விலைக்குப் போகும். சின்ன வெங்காயம் நட்டு அறுவடை செய்ய 65 முதல் 75 நாள் எடுக்கும். அந்த எழுபது நாளுக்குள் டில்லியில் ஓர் அறிவித்தல் வந்தால் போதும், ஏறிய விலைக்கு விதை வாங்கி இறங்கிய விலைக்கு விளைவை விற்க வேண்டிவரும். நடுகிற நாளின் சந்தை விலையைப் பார்த்து முடிவெடுப்பது இதனால்தான் பிழைக்கிறது. இந்தியாவில் அடுத்த அறுவடை எப்போது, ஏற்றுமதித் தடை எந்தத் திகதிவரை என்று பார்த்து நடுங்கள்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வெங்காயம், மிளகாயால் கல்வீடு கட்டினார்கள் என்கிறார்களே. அந்தக் காலத்தைப் போல இறக்குமதியை நிறுத்தினால் என்ன?

நடந்தது உண்மை. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாத நெருக்கடியில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கிணற்று இறைப்பும் செம்மண்ணும் கைப்பழக்கமும் இங்கே ஏற்கெனவே இருந்தன. தெற்குச் சந்தை முழுவதும் இந்த விளைவுக்குத் திறந்தது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் அதே பண்டங்கள் கப்பலில் வந்தன. இங்கே விலை சரிந்தது. ஒரு தலைமுறைக் கமக்காரரின் வாழ்க்கை வர்த்தகக் கொள்கையின் ஒரு திருப்பத்தில் எழும்பி, அடுத்த திருப்பத்தில் விழுந்தது.

அந்தக் காலத்தின் மற்றப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். பாணுக்கு வரிசை, துணிக்குத் தட்டுப்பாடு, அரிசியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. காணி இல்லாதவர், கூலிக்குப் போகிறவர், சம்பளக்காரர் எல்லாரும் அந்த விலையைக் கொடுத்தார்கள். தோட்டம் வைத்திருந்தவரின் நினைவு ஒன்று, வரிசையில் நின்றவரின் நினைவு வேறு.

எங்கள் பார்வையில், பாதுகாப்பு இருந்த அந்த ஏழு வருடத்தில் செய்யாமல் விட்டதுதான் பெரிய இழப்பு. நல்ல விதை, களஞ்சியம், விளைவைப் பதப்படுத்தும் தொழில் ஆகியவை போதிய அளவு எழவில்லை. வேலி இருந்தபோது பயிரைப் பலப்படுத்தவில்லை. வேலி எடுபட்டதும் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இறக்குமதியை முழுதாக நிறுத்துவதற்கும் வரி போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

வரி போட்டால் பொருள் வரும், விலை கூடும், வித்தியாசம் அரசாங்கத்துக்குப் போகும். நிறுத்தினால், அல்லது உரிமம் பெற்றவர் மட்டும் கொண்டுவரலாம் என்றால், அந்த வித்தியாசம் ஏற்கெனவே சரக்கு வைத்திருப்பவருக்கும் உரிமம் கிடைத்தவருக்கும் போகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிளும் வாங்கிய விலையைவிடக் கூடவே விற்றது.

அரிசிக்கு 2024 டிசம்பரில் இரண்டும் கலந்து செய்தார்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டைக் குறுகிய காலத்துக்குத் தளர்த்தி, கிலோவுக்கு 65 ரூபாய் அறவீட்டை அப்படியே வைத்தார்கள். வன்னியில் காலபோக நெல் வெட்டத் தொடங்குவதற்குள் காலக்கெடு முடிய வேண்டும் என்பதே அதில் இருக்கிற நுட்பம்.

உரம், விதை, மோட்டர், வலை இவற்றுக்கு வருகிற வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலான பேச்சு நடக்கிறது. விளைபொருளுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் பாதுகாப்புக் கொடுத்து, அதை விளைவிக்கிற மருந்து, பம்ப், குழாய், மண்ணெண்ணெய் எல்லாவற்றிலும் கிலோவுக்கு 20 ரூபாய் வரியாக எடுத்தால் மிச்சப் பாதுகாப்பு 10 ரூபாய்தான். கரையோரத்தில் வலை, நைலோன் கயிறு, படகின் வெளியிணைப்பு இயந்திரம் என்று அதே கணக்கு.

விசேட அறவீட்டுப் பட்டியலுக்குள் வராத பொருளுக்கு வரி எப்படி அடுக்குகிறது என்று பாருங்கள். கப்பற்கூலி, காப்புறுதி சேர்ந்து கொழும்பில் வந்து இறங்கிய பெறுமதி 10,000 ரூபாய் என்று வைப்போம். சுங்கத் தீர்வை 20 சதவீதம் என்றால் 2,000. துறைமுக விமான நிலைய அறவீடு 10 சதவீதம் என்றால் 1,000. வற் கணக்கிடும்போது வந்து இறங்கிய பெறுமதியில் 10 சதவீதத்தையும் கூட்டி, மற்ற வரிகளையும் கூட்டுவார்கள்: 10,000, 1,000, 2,000, 1,000, ஆக 14,000. அதில் 18 சதவீதம் 2,520. மொத்த வரி 5,520 ரூபாய். வரிக்கு மேல் வரி என்று சொல்வது இதைத்தான். செஸ், சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை வரி ஆகியவற்றை விளக்கத்துக்காக இங்கே விட்டுவிட்டோம். அவை உள்ள பொருளுக்கு இன்னும் கூடும்.

இப்போது டொலரை அசைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அதே பொருளின் பெறுமதி 18,000 ஆகிறது. அதே விகிதத்தில் வரி 9,936 ரூபாய். ஒரு வர்த்தமானியும் வரவில்லை, வரி மட்டும் 4,416 ரூபாய் கூடிவிட்டது.

விலையைவிட இல்லாமை மோசமானது என்பதை 2021 காட்டியது. அந்த மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். தடை ஏழு மாதம்கூட நீடிக்கவில்லை, ஆனால் அடுத்த போகத்தின் நெல் விளைச்சல் நாடு முழுவதும் விழுந்தது. பயிர் காத்திருக்காது.

ஒரு கமக்காரர் தன் பக்கத்தில் என்ன கணக்கு வைத்திருக்க வேண்டும்?

ஒரேயொரு எண்: எந்த விலைக்குக் கீழே போனால் நட்டம் என்பது. ஒரு பரப்புத் தோட்டக் காணிக்கு விதை, உழவு, இறைப்பு, உரம், மருந்து, களை, கிண்டுகூலி, சந்தைக்குக் கொண்டுபோகிற கூலி எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய், விளைவு 400 கிலோ என்று வைப்போம். கிலோவுக்கு 150 ரூபாய் என்று பலரும் நிறுத்திவிடுவார்கள். அது பிழை. சந்தையில் பத்துக்கு ஒன்று கழிவு வெட்டினால் காசு கிடைப்பது 360 கிலோவுக்கு மட்டும். 60,000ஐ 360ஆல் பிரித்தால் 166 ரூபாய் 67 சதம்.

அந்த 16 ரூபாய் 67 சதத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் அறவீட்டைக் கூட்டச் சொல்லிக் கொழும்புக்கு மனுப் போகிறது. அதைவிடக் கூடிய தொகை ஊர்ச் சந்தையின் தராசில் போய்விடுகிறது. கழிவை நிறுத்துவதற்கு நிதி அமைச்சு வேண்டியதில்லை. பிரதேச சபையும் மாவட்டச் செயலகமும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து நின்றால் போதும்.

அறவீட்டை உரிய நேரத்தில் கேட்பது எப்படி?

அறுவடை தொடங்கிய பிறகு மறியல் செய்வதைவிட, நட்ட இரண்டாம் மூன்றாம் கிழமையிலேயே தாளில் எழுதிக் கொடுப்பது பலன் தரும். கமக்காரர் அமைப்பு தன் பிரிவில் யார் எத்தனை பரப்பு, எந்த இனம், எந்தத் திகதியில் நட்டார்கள் என்று எடுக்க வேண்டும். அதிலிருந்து எந்தக் கிழமையில் எத்தனை தொன் சந்தைக்கு வரும் என்று கணிக்கலாம். அந்தத் தாள் கமநல சேவை நிலையத்துக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் போய், பிரதேச விவசாயக் குழுவிலும் மாவட்ட விவசாயக் குழுவிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது. "மாசி 10 முதல் பங்குனி 20 வரை இத்தனை தொன் வருகிறது, உற்பத்திச் செலவு கிலோவுக்கு இவ்வளவு" என்ற தாளை வைத்து அமைச்சுக்குப் பரிந்துரை எழுதலாம்.

முடிவுத் திகதியையும் நீங்களே கேட்டுப் போடுங்கள். அறுவடை முடிந்ததும் அறவீடு இறங்கும் என்று தெரிந்தால் வாங்குகிறவர்கள் உங்களுக்கு எதிராக நிற்க மாட்டார்கள். பதுக்குகிறவருக்கும் இடம் குறையும்.

வெளிநாட்டுச் சரக்கு அங்குள்ள சாதாரண விலைக்கும் கீழாக இங்கே கொட்டப்படுகிறது என்று காட்ட முடிந்தால் 2018ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எதிர்த் தீர்வை கேட்க வழி உண்டு. விசாரணை நீளமானது, ஆதாரம் நிறைய வேண்டும். சிமெந்து, இரும்பு போன்ற தொழிலுக்கு அது சரிவரும். எழுபது நாள் பயிருக்கு அந்த வழியை நம்பி இருக்க வேண்டாம்.

அமெரிக்கா போட்ட வரிக்கும் எங்கள் நண்டுக்காரருக்கும் என்ன தொடுப்பு?

யாழ்ப்பாணக் கடலேரியிலும் தீவுப் பக்கங்களிலும் பிடிபடுகிற நீலக்கால் நண்டு, சதை எடுக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. அமெரிக்கா அதில் ஒரு பெரிய சந்தை. 2025 ஏப்ரல் 2இல் இலங்கைக்கு 44 சதவீதம் என்று அறிவித்தார்கள். யூலையில் 30 என்றார்கள். ஆகஸ்ட் 7 முதல் 20 சதவீதம் என்று வந்தது.

இந்த வரியைச் சுங்கத்தில் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் அடுத்த நாளே அவர் இங்குள்ள ஏற்றுமதியாளரிடம் பேசுவார்: "பாதியை நீ விலையில் குறை." ஏற்றுமதியாளர் தொழிற்சாலைச் செலவைக் குறைக்க முடியாது, மின்சாரமும் ஐஸும் கூலியும் அப்படியே. குறைக்கக்கூடிய இடம் கரைவிலை ஒன்றுதான். சங்கிலியின் கடைசியில், வேறு வாங்குகிறவர் இல்லாமல், பிடித்த நண்டை வைத்திருக்க ஐஸ் இல்லாமல் நிற்பவரின் தலையில்தான் அதிகம் விழும். ஒரு கரையில் வாங்குகிற கொம்பனி இரண்டு மூன்று இருந்தால் விழுகிற பாரம் குறையும்.

எங்களுக்கு எத்தனை சதவீதம் என்பதோடு, போட்டி போடுகிறவருக்கு எத்தனை என்பதையும் பாருங்கள். அதே ஆகஸ்டில் இந்தோனேசியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் 19, வியட்நாமுக்கு 20, இந்தியாவுக்கு மாதக் கடைசியில் 50. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று என்றால் ஏறுகிற விலையின் பெரும்பகுதி அமெரிக்கச் சாப்பாட்டு மேசைக்குப் போகும். எங்களுக்கு மட்டும் 44 ஆகியிருந்தால் கொள்வனவே வேறு நாட்டுக்குப் போயிருக்கும்.

வரி பூச்சியமாக இருந்தும் கதவு மூடலாம். 2015 ஜனவரி முதல் 2016 நடுப்பகுதிவரை ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடை செய்தது, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று. அதே ஒன்றியம் கொடுக்கிற ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை 2010 ஆகஸ்டில் போய் 2017 மேயில்தான் திரும்பி வந்தது.

ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த் தூள் அனுப்ப நினைக்கிறோம். அங்கே வரி அதிகமா?

சிறு உற்பத்தியாளருக்கு இடிக்கிறது பெரும்பாலும் வரி அல்ல. பிரித்தானியா 2023 ஜூனில் தொடங்கிய வளர்முக நாடுகளுக்கான வர்த்தகத் திட்டத்தில் இலங்கைக்கு மேம்பட்ட சலுகை உண்டு. பல பண்டங்களுக்குத் தீர்வையே இல்லை. கனடாவிலும் பொதுச் சலுகை உண்டு. சலுகையைப் பெறத் தாள் வேண்டும், இல்லாவிட்டால் முழுத் தீர்வை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கென்றால் பதிவுசெய்த ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விலைப்பட்டியலிலேயே மூல நாட்டு வாசகத்தை எழுதலாம். சான்றிதழ் விஷயத்துக்கும் அந்தப் பதிவுக்கும் வர்த்தகத் திணைக்களத்தைக் கேளுங்கள்.

திரும்பி வருகிற சரக்கு பெரும்பாலும் இவற்றால் வருகிறது. மிளகாய்த் தூளில் பூஞ்சண நச்சு: மிளகாய் முழுதாகக் காயாமல், அல்லது மண்ணில் பரப்பிக் காயவைத்ததால். ஒடியலில் ஈரம்: கப்பலில் கொள்கலனுக்குள் வியர்த்து, போய்ச் சேரும்போது மணம் மாறிவிடும். லேபல்: கனடாவுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வேண்டும், தமிழ் மட்டும் இருந்தால் போதாது. விலைப்பட்டியலில் "பனம்பொருள்" என்று எழுதி, சுங்கம் பண்டங்களை வகைப்படுத்தும் இலக்கமான எச்.எஸ். குறியீடு பிழையாகப் போவது: அங்கே சுங்கம் தனக்குத் தோன்றிய வகையில் சேர்த்து வரி போடும். முதல் தடவை கொள்கலன் நிரப்ப வேண்டாம். இருபது முப்பது கிலோவை விமானத்தில் அனுப்பி, தாள், லேபல், ஈரம் மூன்றும் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கப்பலுக்குப் போங்கள்.

இன்றைய வரி எவ்வளவு என்று எங்கே பார்ப்பது? கடையில் கூட விலை கேட்டால்?

பத்திரிகைச் செய்தியில் தொகை சரியாக இருந்தாலும் எந்தப் பண்டத்துக்கு என்பது குழம்பிவிடும். எச்.எஸ். குறியீட்டை வைத்துத் தேடுங்கள். வெங்காயம் 0703.10, சாப்பாட்டு உருளைக்கிழங்கு 0701.90, விதைக் கிழங்கு 0701.10. சாப்பாட்டுக் கிழங்குக்கு ஏறிய வரி விதைக் கிழங்குக்கும் ஏறிவிட்டது என்று சொல்லி விதை விற்கப் பார்ப்பவர் இருப்பார். இரண்டும் வேறு குறியீடு. இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் தீர்வை அட்டவணையும், அரசாங்க அச்சகத்தின் தளத்தில் வர்த்தமானியும் இருக்கின்றன. வர்த்தமானியில் தொகையோடு, எந்தத் திகதியிலிருந்து நடைமுறை என்பதையும் பாருங்கள்.

கட்டுப்பாட்டு விலை விதித்த பண்டத்தை அதற்கு மேல் விற்றாலோ, விலை காட்டாமல் விற்றாலோ, இருக்கிற சரக்கை இல்லை என்றாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். கடையின் பெயர், திகதி, எடை, கொடுத்த விலை நான்கையும் கேட்பார்கள்.